சத்தம் போட்டால் வால் முளைக்காது

ஒரு பல்லியைப் பயமுறுத்தத் துப்பில்லாதவனாக நிற்கும் நாள் வரும் என்று தணிகைவேல் நினைத்ததே இல்லை. கார்க் கதவு அடிக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் சூப்பர்வைசர். அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டாலே ஆபரேட்டர்கள் பேச்சை விழுங்கிவிட்டு மெஷினைப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு ஹாலில், ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். பல்லி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அது சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், கட்டைவிரல் தடிமனுக்கு வால். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. அதனால் அது பார்த்தால் ஓர் ஆள் பார்க்கிற மாதிரியே இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் பிறந்து மனிதக் கைகளில் வளர்ந்த பிராணி, தட்டுச் சத்தத்துக்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் அடிங்க சார்," என்றாள் நஸ்ரின். தொழில் காயத் தீர்ப்பாயம் அனுப்பிய நர்ஸ் அவள்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து? வாலுதானே வேணும்? ஒரு பிளேடு எடுத்து வெட்டிட்டுப் போயேன்."

"வெட்டினா வெறும் சதை சார். அதுவா பயந்து உதிர்க்கணும். அந்தப் பயத்துலதான் திரும்ப முளைக்க வைக்கிற சுரப்பு அதோட ரத்தத்துல ஏறும். வாரத்துக்கு ஒரு துளி எடுத்து அக்கா கையில ஊசி போடுவோம். இங்க வால் முளைக்க முளைக்க, அங்க விரல் முளைக்கும்."

அக்கா என்று அவள் சொன்ன எழிலரசி சுவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது, செய்யாறு பக்கத்துக்காரி, தகட்டை அழுத்திக் கதவாக்கும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். வலது கையில் கட்டு. அந்தக் கட்டுக்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை.

"என் வீட்டுல ஏன் வைக்கணும்? ஆஸ்பத்திரியில வச்சுக்கோங்களேன்," என்று தணிகைவேல் விடவில்லை.

"காயத்துக்குக் காரணமானவங்கதான் பாத்துக்கணும்னு சட்டம் சார். தொண்ணூறு நாள். விரல் முளைச்சா கேஸ் முடிஞ்சிடும். பல்லி செத்தாலோ விரல் வராமப் போனாலோ உங்களுக்கு மூணு வருஷம் ஜெயில். உங்களைவிட அக்கறையா யாரு பாத்துப்பாங்க சொல்லுங்க?"

சட்டம் எழுதியவர்கள் மனுஷனைப் புரிந்துவைத்திருந்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். தணிகைவேலுக்கு அரசாங்கமே எடுத்து மடியில் விட்டிருந்தது.

அவர் மறுபடி தட்டை ஓங்கினார். அப்போதுதான் எழிலரசி எழுந்தாள். தொட்டியை அவள் பார்க்கவே இல்லை. நேராக அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்று, வீடே அதிரக் கத்தினாள்.

"யோவ்! என் கை உள்ள இருக்கும்போது எங்கய்யா இருந்த நீ? போன்ல கணக்கு ஒப்பிச்சினு இருந்தியே, நான் கத்தினது கேட்டுச்சா இல்லையா? கையைக் காட்டி ஒரு நிமிஷம் இருன்னு சொன்னியேடா பாவி! ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னியே!"

தட்டு தணிகைவேலின் கையிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளே பல்லி ஒரே ஒரு தடவை உடம்பை முறுக்கியது. வால் தனியாகப் போய் விழுந்து, தொட்டியின் அடியில் துள்ளித் துள்ளிக் குதித்தது. வாலைப் போட்ட பல்லி மூலையில் ஒண்டிக்கொண்டது. பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. வால் விழுந்தால் என்ன என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

வால் துடிப்பதை எழிலரசி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் விரலு துடிக்கல," என்றாள் பிறகு. "அப்படியே கெடந்துச்சு."

நஸ்ரின் வாலை இடுக்கியால் எடுத்து ஒரு குப்பியில் போட்டுக்கொண்டு, தணிகைவேலின் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். அடியில் மணல் கூடாது, காயத்தில் ஒட்டும். வெள்ளைக் காகிதம் விரித்துத் தினமும் மாற்ற வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்ச்சி. கையில் எடுக்கக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது; அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள், ஊர் அறிந்தவர்கள். தினமும் புழு போட வேண்டும்.

"வால்தான் சார் அதுக்கு அரிசி மூட்டை. கொழுப்பெல்லாம் அதுலதான் சேத்து வைக்கும். இப்ப மூட்டை போயிடுச்சு. நல்லாப் போடுங்க."

"சரி."

"இன்னொண்ணு. வால் முளைக்கிற வரைக்கும் இது இன்னொரு தடவை பயப்படவே கூடாது. பயந்தா ஊறினது அத்தனையும் கெட்டுப்போயிடும். வேற பல்லிய அக்கா உடம்பு ஏத்துக்காது. இந்த வீட்டுல யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது."

தணிகைவேல் தலையாட்டினார். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கற்பகம், கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, அந்தச் சட்டம் இயற்றிய புண்ணியவானை மனதுக்குள் வாழ்த்தினாள்.

*

வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நஸ்ரினும் எழிலரசியும் வந்தார்கள். ஊசி போட ஐந்து நிமிடம். மருந்து கையில் பரவும்வரை எழிலரசி பல்லிக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் சண்டை போட்டார்கள். சத்தம் போடக் கூடாது என்பதால், தூளியில் தூங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற குரலில் சண்டை போட்டார்கள்.

"நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க சார்," என்பாள் அவள், மெதுவாக, இனிமையாக.

"கையை உள்ள விடறதுக்கு முன்னாடி பாத்து விடணும்மா," என்பார் அவரும் அதே குரலில். "மெஷினுக்குக் கண்ணா இருக்கு?"

"இருந்துச்சே. அதைத்தானே கட்டி வச்சீங்க."

அவள் சொன்னது சென்சாரை. பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் கண் மாதிரி ஒரு கருவி இருக்கும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் அது காரணமில்லாமல் நிறுத்தி நிறுத்தி உயிரை வாங்கியது. தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) மணிக்கு ஒரு தடவை போனில் எத்தனை கதவு என்று கேட்டார், அதைத் தாண்டியாவது ஓட்டு என்றார். தணிகைவேல் ஒரு சாண் ஒயரை எடுத்து ஜம்பர் போட்டார். அதாவது, திரை நன்றாகத்தான் இருக்கிறது என்று மெஷினை நம்பவைத்தார். மெஷின் நம்பியது, பதினோரு நாள் நிற்காமல் ஓடியது. பன்னிரண்டாம் நாள் எழிலரசியின் கை உள்ளே போனபோதும் நிற்கவில்லை.

ஜம்பர் போடுவது அவருக்குக் கைவந்த கலை. இருபத்திரண்டு வருடத்தில் எது மக்கர் பண்ணினாலும் முதலில் ஓட வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் வேதம். அந்தப் பிறகு ஒரு நாளும் வந்ததில்லை. அதற்காகவே நான்கு தடவை சிறந்த சூப்பர்வைசர் கேடயம் வாங்கியிருக்கிறார்.

கற்பகம் மோர் கொண்டுவந்து நீட்டுவாள். எழிலரசி இடது கையால் வாங்குவாள். முதல் வாரம் கற்பகத்தின் முகம் சுருங்கியது. இடது கை நீளும்போது சுருங்குகிற பழக்கம் அந்த முகத்துக்கு. எழிலரசி அதைப் பார்த்துவிட்டாள்.

"சோறும் இந்தக் கையிலதாங்க," என்றாள். "கல்யாணம் காட்சின்னு எங்கயும் போறதில்ல. பந்தியில ஒக்காந்து இந்தக் கையால பெசைஞ்சா எதிர்ல இருக்கறவங்க எலையைப் பாத்துக் குனிஞ்சுக்கறாங்க. எங்க மாமியா எனக்குத் தனித்தட்டுல போட்டு ரூமுக்குக் குடுத்துடறாங்க."

அன்றிலிருந்து கற்பகம் மோரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இரக்கத்தால் அப்படிச் செய்தாளா, பார்க்கச் சகிக்காமல் செய்தாளா என்று அவளுக்கே தெரியாது.

பல்லியைத் தணிகைவேல் கைதியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். காலையில் காகிதம் மாற்றினார். மாவுப்புழுவைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி ஒவ்வொன்றாக இடுக்கியில் நீட்டினார். சமையலறைத் தராசில் டப்பாவோடு நிறுத்து எழுதிவைத்தார். தின்னாத நாளில் அவருக்கும் சோறு இறங்கவில்லை. பாசம் என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். மூன்று வருடம் உள்ளே இருப்பது பற்றிய பயம். கற்பகத்துக்கு வேறு மனக்குறை.

"பல்லின்னா ஒரு வார்த்தை சொல்லணுங்க. அப்பதான் நல்லது கெட்டது தெரியும். இது வாயே தொறக்கல. ஊமையன்," என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இருபதாம் நாள் ஊமையனின் காயம் ஆறி, அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு மொட்டு தெரிந்தது. அதே வாரம் எழிலரசியின் கையில் மூன்று மொட்டுகள், ஊறவைத்த மொச்சை மாதிரி வெளுத்து நின்றன. அவள் அதை யாருக்கும் காட்டாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தணிகைவேல் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்காக முளைக்கல," என்றாள் தாழ்ந்த குரலில்.

*

பங்குனி வெயில் அந்த வருடம் சித்திரைக்குக் காத்திருக்கவில்லை. தொட்டிக்கு அடியில் இருந்த சூட்டுப் பலகை கீச் கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைய ஆரம்பித்தது. தணிகைவேல் பொத்தானை அழுத்திப் போடுவார். பத்து நிமிடத்தில் மறுபடி கீச்சென்று கத்தி அணையும். கத்தும்போதெல்லாம் ஊமையன் தலையைத் தூக்கியது. பயந்து தொலைத்தால் எல்லாம் போச்சு. சூடு இல்லாவிட்டாலும் போச்சு என்று தாளில் இருக்கிறது.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் கை தானாகச் செய்கிற வேலை அது. சூடு மிஞ்சினால் அணைக்கிற கருவியைத் தாண்டி ஒரு சாண் ஒயர். பலகை சமர்த்தாகச் சத்தமில்லாமல் சுட்டது. நல்ல வேலை செய்த திருப்தியோடு அன்று மத்தியானம் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை நஸ்ரின் தொட்டியைத் திறந்ததுமே அவள் முகம் மாறியது. ஊமையன் குளிர்ந்த பக்கத்து மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றுத் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. வால் மொட்டு கறுத்திருந்தது.

"எத்தனை நாளா சாப்பிடல சார்?"

"மூணு... மூணு நாளா. வெயிலுக்கு மந்தமா இருக்குன்னு நெனச்சேன்."

"பலகை அணையவே இல்லையா?"

அவர் வாய் திறப்பதற்குள் எழிலரசி தொட்டிக்குப் பின்னால் போயிருந்தாள். குனிந்தாள். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் இடது கை ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. அவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசாரணை அதிகாரிகள் இதே மாதிரி ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் காட்டியிருந்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. நஸ்ரின் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள். எழிலரசி மூச்சை உள்ளே இழுத்து, பிடித்துவைத்து, பிறகு பிள்ளைக்குச் சொல்கிற குரலில் பேசினாள்.

"ஏன் சார் அணையுதுன்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"அது சும்மா சும்மா கத்துச்சும்மா. இது பயந்துடப் போவுதேன்னு..."

"ரூமே கொதிக்குது. அதனால அணைஞ்சிருக்கு. அது அதோட வேலையைச் செஞ்சிருக்கு. நீங்கதான் அது வாயைக் கட்டிட்டீங்க."

தப்புச் செய்தவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ஆயுதத்தை அவர் அப்போது எடுத்தார்.

"என்னையே சொல்லாத. ஏழாம் நம்பர் மெஷின் எதனால அடிக்கடி நின்னுச்சு தெரியுமா? ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து நின்னுச்சு. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் சென்சாரைக் கழட்டிப் பாத்தேன். அதோட கண்ணுல சந்தனமும் குங்குமமும் காஞ்சு கெடக்குது. யாரு வச்சது?"

அவள் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் வச்சேன்," என்றாள். "கண்ணுல வைக்கல சார். கண்ணுக்கு மேல, நெத்தி மாதிரி இருந்துச்சு, அங்க வச்சேன். அதுதானே என் கையைக் காப்பாத்துதுன்னு வச்சேன். சந்தனம் வழிஞ்சிருக்கும்."

"பாத்தியா?"

"இதை ஏன் சார் விசாரணையில சொல்லல?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா பாதிப் பழி என் மேல வந்திருக்குமே. ஏன் சொல்லல?"

"சொன்னா, ஏன் தொறந்து பாக்கலன்னு கேப்பாங்க," என்றார். குரல் தானாகவே இறங்கியிருந்தது. பல்லிக்காக இறக்கியது இல்லை. "பாத்து ஏன் தொடைக்கலன்னு கேப்பாங்க."

"தொடைக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம்."

எழிலரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அழக்கூட அந்த வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை. சமையலறையில் கற்பகம் ஓடுகிற குழாயை நிறுத்த மறந்து நின்றாள். தணிகைவேலுக்குத் தன் ஆயுதம் தன் வயிற்றிலேயே இறங்கியிருப்பது புரிந்தது. வெட்கமாக இருந்தது. தொழிற்சாலையில் ரத்தத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவியபோது வராத வெட்கம் அன்று வந்தது.

நஸ்ரின் மூன்று நாள் கெடு சொன்னாள். மூன்று நாளில் வாயில் ஏதாவது இறங்கினால் பிழைக்கும். எழிலரசி வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை திரும்பி வந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். ஈரத்துணியை அவள் பிழிந்து கொடுக்க அவர் விரித்தார். புழுவை நசுக்கி அந்தச் சாற்றைக் குச்சி நுனியில் எடுத்து, பல்லியின் உதட்டில் தொட்டுத் தொட்டு வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவதற்குக்கூட அவளுக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊமையன் நாக்கை நீட்டி உதட்டை நக்கியது. தணிகைவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

*

எண்பத்தைந்தாம் நாள் ஜி.எம். வீட்டுக்கே வந்தார். கறுத்த மொட்டு உதிர்ந்து, அதன் அடியிலிருந்து புது வால் வந்திருந்தது. குட்டை, உருண்டை, முள்ளங்கிக் கிழங்கு மாதிரி. பழைய வாலில் இருந்த வளையமும் புள்ளியும் கிடையாது. எழிலரசியின் கையிலும் மூன்று விரல்கள் இருந்தன. நகம்கூட இருந்தது. தோல் மட்டும் கோடு, மடிப்பு எதுவும் இல்லாமல் மழமழவென்றிருந்தது.

"சூப்பர் தணிகைவேல்!" என்று ஜி.எம். கை தட்டினார். தணிகைவேல் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். ஜி.எம். சிரித்துக்கொண்டே குரலைக் குறைத்தார். "உங்களாலதான் போர்டுக்கே தைரியம் வந்திருக்கு. நாற்பது பல்லி ஆர்டர் பண்ணியாச்சு. ஒவ்வொரு ஆபரேட்டர் பேர்லயும் ஒண்ணு."

"எதுக்கு சார்?"

"என்ன கேள்வி இது? பன்னெண்டு பிரஸ்லயும் சென்சாரைக் கழட்டிட்டோம். உற்பத்தி எங்கயோ போயிடுச்சு. விரல்தான் திரும்ப முளைக்குதே, அப்புறம் எதுக்கு அது நின்னு நின்னு? நீங்கதான் பல்லி ரூம் இன்சார்ஜ். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வேலைதான் வரும். பயமுறுத்தறதுக்கு உங்களவிட்டா நம்மகிட்ட யாரு இருக்கா?"

அது பாராட்டு என்றுதான் அவர் நினைத்துச் சொன்னார். வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று அவர் சொன்னது பல்லியை மட்டும் இல்லை, வெட்டுப்படப் போகும் கையையும்தான் என்பது தணிகைவேலுக்கு உறைத்தது. எழிலரசி திங்கட்கிழமை முதல் அதே ஏழாம் நம்பரில் வேலைக்கு வரலாம், கேஸ் முடிந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் ஜி.எம். சொல்லிவிட்டுப் போனார்.

*

தீர்ப்பாயத்தின் அறையில் ஏசி ஓசையில்லாமல் ஓடியது. மேஜை மேல் ஊமையன் காற்றுத் துளை போட்ட டப்பாவில் இருந்தது. ஒரு பக்கம் ஜி.எம்., எதிர்ப்பக்கம் நஸ்ரின், நடுவில் எழிலரசி, அவளுக்குப் பக்கத்தில் தணிகைவேல். வழக்கை முடிக்கும் அதிகாரி நல்ல மனுஷர், மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு வழக்கை முடிக்க வேண்டியவர். அவர் ரேகைக் கருவியை அவளிடம் நகர்த்தினார்.

"ஆள்காட்டி விரலை வைம்மா. விரல் இருக்குன்னு ரெக்கார்ட் ஆனா முடிஞ்சுது."

அவள் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'விரல் இல்லை' என்றது திரை.

துடைத்துவிட்டு வைத்தாள். விரல் இல்லை. நடுவிரல் இல்லை. மோதிர விரலும் இல்லை.

"ரேகை வரலையே," என்று அதிகாரி தலையைச் சொறிந்தார். "பரவாயில்ல, இதுக்கும் வழி இருக்கு. பராமரிச்சவர் சாட்சி சொன்னா மெஷினைத் தாண்டிப் போயிடலாம். தணிகைவேல், நீங்க இங்க கட்டைவிரலை வைங்க."

தணிகைவேல் கையை நீட்டினார். ஓர் அங்குலம்தான் பாக்கி. வைத்தால் வீட்டுக்குப் போகலாம். இருபத்திரண்டு வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. கருவியின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"சார்," என்றார். "மெஷின் ஏன் எடுக்கல?"

"ரேகை இல்லப்பா. அதான் சொன்னேனே."

"ரேகை இல்லாட்டி என்ன சார்?"

"சட்டப்படி ரேகை இல்லாத விரல் விரலே இல்ல. அதனாலதான் உங்க சாட்சி கேக்கறேன்."

"நான் வைக்கலன்னா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "விரல் முளைக்கலன்னு ஆயிடும். உங்களுக்கு மூணு வருஷம். முளைக்க வச்சுக்கலாம்ங்கற கணக்கே தப்புன்னு முழு விசாரணை வரும். கம்பெனி பதில் சொல்லணும். கழட்டின சென்சாரையெல்லாம் அன்னைக்கே மாட்டணும். எதுக்கு அதெல்லாம்?"

"அப்ப மெஷின் சரியாத்தான் சார் சொல்லுது," என்று தணிகைவேல் கையை இழுத்துக்கொண்டார். "அதைத் தாண்டிப் போக வேணாம். ஜம்பர் போடச் சொன்னது யாருன்னும் எழுதிக்கோங்க. நானும் போட்டேன், எழுதிக்கோங்க."

ஜி.எம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னய்யா உளர்ற!"

டப்பாவுக்குள் ஊமையன் விறைத்தது. எழிலரசி சட்டென்று இரண்டு கையாலும் டப்பாவைப் பொத்திக்கொண்டாள். "சத்தம் போடாதீங்க," என்றாள். அந்தக் குரலுக்கு ஜி.எம்.மே அடங்கிப்போனார்.

அதிகாரி எழுதினார். தணிகைவேல் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அதன் கீழே கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வண்டி வரக் காத்திருந்தார்கள். நஸ்ரின் டப்பாவை வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள். கேஸ் முடியாததால் பல்லியை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பரிசோதனைக்கூடத்துக்குத் திரும்பும், அங்கே மறுபடி பயமுறுத்துவார்கள் என்றாள். எழிலரசி கை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"காலையில காகிதம் மாத்தணும்," என்றார் தணிகைவேல். "புழுவைத் தலைப்பக்கம் நீட்டாத, பக்கவாட்டுல நீட்டு. வெயில் நேரத்துல பலகை வேணாம்."

அவள் கேட்டுக்கொண்டாள். அவர் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் நன்றி இருக்கும் என்று ஒரு மூலையில் அவர் எதிர்பார்த்திருந்தார் என்பதை மறைப்பானேன். இருக்கவில்லை.

"திங்கக்கெழம வேலைக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன் சார்," என்றாள். "வலது கையால சாப்புடறேன், ஆனா விரல் இல்லாதவன்னு எழுதிட்டாங்க. இனிமே எந்தக் கம்பெனியில சேப்பாங்க? அன்னைக்கு ஜம்பர் போடும்போதும் என்னை ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்குக் கையை எடுக்கும்போதும் கேக்கல."

அறைக்குள் அவளும்தான் இருந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"கேட்டிருந்தா கட்டைவிரலை வைக்க வேணாம்னு நானே சொல்லியிருப்பேன். பன்னெண்டு மெஷின்லயும் பொம்பளைங்க ஒக்காந்திருக்காங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் சொல்லியிருக்கணும் அதை." டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடினாள். "மூணு வருஷம் உங்களுக்குப் பத்தாது சார்."

திட்டும்போதும் குரலை அவள் உயர்த்தவில்லை. மூடிய தலைப்புக்குள் ஊமையன் தூங்கிக்கொண்டிருந்தது.

"பத்தாதும்மா," என்றார் தணிகைவேல்.

வண்டி வந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார்.